உதைக்காத பீரங்கி

குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது. மேலகரம் வழியாகப் போகும் வெளியூர் வண்டிகள் குறைந்து, ரோட்டைக் குறுக்கே கடக்க நமக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. போன சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா மகன், ஆறாம் வகுப்பு. கையில் செல்போன். போனுக்குள்ளிருந்து 'டமால் டமால்' என்று சத்தம்.

எதிர்வீட்டுப் பட்டாளத்து அண்ணாச்சி வந்து அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். காலாட்படையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னல இது, பூரா டேங்காவே இருக்கு? ஜீப்பு கிடையாதா?"

"ஜீப்பா? டேங்க் முன்னாடி ஜீப் என்ன தாத்தா செய்யும்? ஒரே அடி, காலி."

"காலிதான். ஆனா அது மொதல்ல அடிச்சிட்டா?"

பையன் போனைக் கீழே வைத்துவிட்டான். இந்தக் காலத்தில் ஒரு பிள்ளை போனைக் கீழே வைப்பதே செய்திதான். அதனால் வழக்கமாக அருவியும் அங்காடியும் வரும் இந்தப் பக்கத்தில் இந்த வாரம் ஒரு பீரங்கி வருகிறது. இது செப்டம்பர் மாதம் என்பது இன்னொரு காரணம். 1965 செப்டம்பர் 10-ம் தேதி, பஞ்சாபில் ஒரு கரும்புத் தோட்டத்துப் பக்கம், திறந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் 45 டன் டாங்கிகளை எதிர்த்து நின்ற நாள் அது.

அவரிடம் போவதற்கு முன்னால், அவர் கையில் இருந்த ஆயுதம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது தெரியாவிட்டால் அவர் செய்தது என்ன என்பது முழுதாகப் புரியாது.

முதல் உலகப் போரில், 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சில் சோம் போர்க்களத்தில்தான் டாங்கி முதன்முதலாக இறங்கியது. இறங்கிய நாளிலிருந்தே அதை எப்படி நிறுத்துவது என்ற தேடலும் தொடங்கியது. ஜெர்மானியர்கள் 1918-ல் ஒரு பெரிய துப்பாக்கி செய்தார்கள். 13 மில்லிமீட்டர் தோட்டா. கவசத்தைத் துளைத்தது, கூடவே சுடுகிறவன் தோளையும் பதம் பார்த்தது. ஒரு தடவை சுட்டவன் மறு தடவை சுடத் தயங்குவான்.

பிறகு டாங்கியின் கவசம் தடிக்கத் தடிக்க, எதிர்ப் பீரங்கியும் பெருத்துக்கொண்டே போனது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையிடமும் அதன் கீழிருந்த இந்தியப் படையிடமும் இருந்தது 'டூ பவுண்டர்' என்ற 40 மில்லிமீட்டர் பீரங்கி. இலகு பீரங்கி என்றுதான் பெயர், எடை 800 கிலோவுக்கு மேல். மெல்லிய கவசம் போட்ட டாங்கிக்கு அது போதும். 1942 ஜனவரியில் மலாயாவில், மூவார் பக்கம் பக்ரி என்ற இடத்தில், ரோட்டில் வரிசையாக வந்த ஜப்பானிய இலகு டாங்கிகளை ஆஸ்திரேலியர்களின் டூ பவுண்டர்கள் அடித்துப் போட்டன. நம் தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே மலாயாதான். ஆனால் அதே பீரங்கி வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் டாங்கிகளுக்கு முன் திணறியது. அடுத்து வந்த 'சிக்ஸ் பவுண்டர்' ஒரு டன்னைத் தாண்டியது. அதற்கடுத்த 'செவன்டீன் பவுண்டர்' மூன்று டன். இழுக்க ஒரு வண்டி, தள்ள ஒரு கூட்டம், மறைக்க ஒரு பள்ளம். காலாட்படைக்காரன் இதைக் கட்டிக்கொண்டு அழ முடியாது.

ஏன் இவ்வளவு கனம்? இந்தக் கேள்விக்கு அண்ணாச்சி வாயால் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மோட்டாரைப் போட்டு, செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸ் பைப்பைப் பையன் கையில் கொடுத்தார். நுனியை விரலால் அழுத்தச் சொன்னார். தண்ணீர் பீறிட்டு முன்னால் போக, பைப் பின்னால் உதைத்துத் துள்ளியது. பையன் நனைந்தான், நானும் நனைந்தேன்.

"இதான் உதைப்பு. தண்ணிக்கே இந்தப் பாடுன்னா குண்டுக்கு எப்படி இருக்கும்?"

பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டன் விதிதான். குண்டு எவ்வளவு வேகமாக முன்னால் போகிறதோ அதற்குச் சமமான உதை பின்னால். அதைத் தாங்கத்தான் பீரங்கிக்குக் கனமான அடிப்பாகமும், எண்ணெய் நிரப்பிய உருளைகளும், மண்ணில் ஊன்றும் கால்களும். எடையில் பெரும்பங்கு சுடுவதற்கு இல்லை, உதையைத் தாங்குவதற்கு.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி க்ளீலண்ட் டேவிஸ் என்பவர் முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே வேறு மாதிரி யோசித்தார். உதையை ஏன் தாங்க வேண்டும்? அதைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிட்டால் என்ன? இரண்டு பக்கமும் திறந்த ஒரே குழாய். முன்னால் குண்டு, பின்னால் அதே எடைக்கு ஈயச் சிதறலும் மசகும். நடுவில் வெடிமருந்து. கொளுத்தினால் குண்டு முன்னால் போகும், ஈயம் பின்னால் போகும், குழாய் நின்ற இடத்தில் நிற்கும். பின்னால் ஆள் நின்றால் அவ்வளவுதான் என்பது ஒன்றே குறை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பொறியாளர்கள் ஈயத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, வெடிமருந்தின் வாயுவையே பின்பக்கத் துளைகள் வழியாக அதிவேகத்தில் வெளியேற்றினார்கள். வெடியுறையில் சல்லடை போலத் துளைகள் இருக்கும். வாயு கனம் குறைந்தது, ஆனால் மிக வேகமாகப் போவதால் கணக்குச் சரியாகிவிடுகிறது. மருந்தில் பெரும்பகுதி பின்னால்தான் போகிறது. வீண்செலவுதான். ஆனால் 57 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றை 20 கிலோவில் செய்து ஒரு மனிதன் தோளில் வைத்துச் சுட முடிந்தது என்றால் அந்த வீண்செலவு யாருக்கு வலிக்கும்? 1945-ல் அது போர்க்களத்துக்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். இப்படிச் சுடும் குண்டு பெரிய பீரங்கிக் குண்டு அளவுக்கு வேகமாகப் போகாதே, பிறகு எப்படிக் கவசத்தைத் துளைக்கும்? அதற்குத்தான் குண்டுக்குள் ஒரு செம்புக் கூம்பு. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகன்ற வாய் டாங்கியைப் பார்த்திருக்கும், பின்னால் வெடிமருந்து சூழ்ந்திருக்கும். குண்டு கவசத்தில் பட்டதும் மருந்து வெடித்துக் கூம்பை நசுக்கும். நசுங்கிய செம்பு மெல்லிய ஈட்டி மாதிரி, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். துளைப்பது அந்த ஈட்டிதான். குண்டு பறந்து வந்த வேகம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் மெதுவாகச் சுடும் இலகு பீரங்கிக்கும் இந்தக் குண்டுக்கும் பொருத்தம் அமைந்துவிட்டது. பத்துப் பொருத்தம்!

முதல் கல்யாணத்திலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1950-ல் கொரியாவில் ரஷ்யத் தயாரிப்பான டி-34 டாங்கிகள் வந்தபோது அமெரிக்கர்களின் 75 மில்லிமீட்டர் உதைக்காத பீரங்கி அடித்தும் அவை நிற்காமல் போயின. பெரிதாகச் செய்தார்கள். 105 மில்லிமீட்டரில் ஒன்று வந்தது, சரிப்படவில்லை. 1950-களின் நடுவில் அதைத் திருத்தி இன்னொன்று செய்தார்கள். இதுவும் 105 மில்லிமீட்டர்தான். ஆனால் பழையதன் குண்டும் புதியதன் குண்டும் கலந்துவிடக் கூடாது என்று பெயரை மட்டும் '106' என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் உலகமெங்கும் நிலைத்தது. நம் பட்டாளத்தில் ஆர்.சி.எல். என்பார்கள். 'ரீகாயில்லெஸ்', அதாவது உதைக்காதது.

எடை சுமார் 210 கிலோ. நீளம் 11 அடிக்கு மேல். ஒரு ஜீப்பில் ஏற்றிவிடலாம். மேலே ஒட்டினாற்போல ஒரு சின்னத் துப்பாக்கி. அதன் தோட்டா பெரிய குண்டு போகும் அதே வளைவில் பறக்கும், பட்ட இடத்தில் புகைக்கும். முதலில் சின்னதைச் சுட்டுப் பார்க்க வேண்டும். டாங்கி மேல் புகை தெரிந்தால் உடனே பெரியது. சுடுகிற குமிழ் ஒன்றுதான். இழுத்தால் சின்னது, அழுத்தினால் பெரியது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் டாங்கிக்கும் இது எமன்.

"அப்போ இதுதான் பெஸ்ட்டு" என்றான் பையன்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "பின்னால என்ன நடக்குன்னு நீ பாக்கலியே. சுட்ட உடனே பின்பக்கம் ஒரு நெருப்பு, அதுக்கப்புறம் புழுதி. காஞ்ச தரைன்னா பனைமரம் ஒசரத்துக்கு எழும்பும். 'நான் இங்கதான் இருக்கேன்'னு ஊருக்கே கொடி காட்டுன மாதிரி. ஜீப்புல உனக்குக் கவசமும் கிடையாது, கதவும் கிடையாது. சுடு, எஞ்சினைக் கிளப்பு, வேற இடத்துக்குப் போ. நின்னா செத்த. எங்களுக்கு மொத நாளு சொல்லிக் குடுத்ததே இதுதான்."

இப்போது பஞ்சாபுக்குப் போகலாம்.

1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு உள்ளே நுழைந்தது. அமிர்தசரஸைப் பின்பக்கமாகத் துண்டிப்பது திட்டம். அவர்களிடம் இருந்தவை அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகள். முன்பக்கக் கவசமே 4 அங்குலம். எதிரே நின்றது மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் தலைமையிலான நம் 4-வது மலைப் படைப்பிரிவு. மலையில் சண்டை போடப் பயிற்சி பெற்ற படை, டாங்கிகள் ஓடும் சமவெளியில் நின்றது. பின்வாங்கி, அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாடம் போல வளைந்து உட்கார்ந்தார்கள். கால்வாய்த் தண்ணீரை வயல்களில் திருப்பி விட்டார்கள். தொழி அடித்த வயலில் மாட்டு வண்டியை இறக்கினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 45 டன் இரும்புக்கும் அதே கதிதான். சேற்றைத் தவிர்த்து மேட்டிலும் ரோட்டோரத்திலும் வரும் டாங்கிகளுக்கு நெடிய கரும்புக்குள் நம் டாங்கிகளும் பீரங்கிகளும் காத்திருந்தன.

ரோட்டோரம் சீமா கிராமத்துக்கு முன்னால் இருந்தது 4-வது கிரனேடியர்ஸ் பட்டாலியன். அதில் ஒருவர் அப்துல் ஹமீது. உத்தரப்பிரதேசம் காஜிபூர் மாவட்டத்தில் தாமுபூர் என்ற ஊர். தையல்காரர் மகன். 1954 கடைசியில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1962-ல் சீனப் போரையும் பார்த்துவிட்டார். வயது 32.

அவருடைய பதவியைக் கவனியுங்கள். கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அரிசி, மாவு, துணிமணி, தளவாடக் கணக்குப் பார்க்கிறவர். முன்பு ஆர்.சி.எல். பிரிவில் கைதேர்ந்த ஆளாக இருந்து, பதவி உயர்வில் ஸ்டோருக்குப் போனவர். போர் வந்ததும் பழக்கப்பட்ட கை வேண்டும் என்று மறுபடி பீரங்கிக்கு அழைத்துக்கொண்டார்கள்.

10-ம் தேதி காலை எட்டு மணி. முதலில் பீரங்கிக் குண்டு மழை. பிறகு பாட்டன்கள். ஹமீது தன் ஜீப்பைப் பக்கவாட்டுக்கு ஓட்டச் செய்தார். டாங்கிக்கு முன்பக்கக் கவசம்தான் தடிமன், விலாப்புறம் மெலிவு. முன்னணியில் வந்த டாங்கி அருகே வரும்வரை காத்திருந்து அடித்தார். எரிந்தது. ஜீப் இடம் மாறியது. இன்னொன்று. அதுவும் நின்றது.

இதற்குள் எதிரிக்கு அவரைத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? அண்ணாச்சி சொன்ன கொடி இரண்டு முறை ஏறிவிட்டதே. இயந்திரத் துப்பாக்கிகளும் டாங்கிக் குண்டுகளும் அந்த ஒரு ஜீப்பின் மேல் குவிந்தன. அவர் அடுத்த டாங்கியைக் குறி வைத்துச் சுட்டார். அந்த வேளையில் விழுந்த குண்டில் உயிர் போனது.

ஒரு டாங்கியை அடித்ததும் பின்னால் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு குண்டும் தன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கும் என்று பட்டாலியனிலேயே மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். அந்தப் பீரங்கியிலேயே ஊறியவர். பாட்டனின் குறி அவர் மேல் திரும்பும் என்று தெரிந்துதான் மூன்றாவது முறை குமிழை அழுத்தினார். இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் மேலே எழுதினேன்.

மொத்தம் எத்தனை டாங்கிகள் என்பதில் பேச்சு உண்டு. பரம்வீர் சக்ர விருதுக் குறிப்பு அந்த ஒரு காலையைத்தான் சொல்கிறது. முந்தைய இரண்டு நாட்களிலும் அவர் டாங்கிகளை வீழ்த்தினார் என்று சேர்த்து, ஏழு, எட்டு என்று எழுதுகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் இந்த எண் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. விருதுக் குறிப்பில் உள்ளதே எனக்குப் போதும்.

அசல் உத்தர் சண்டை அத்துடன் திரும்பியது என்று சொன்னால் மற்றவர்களுக்குத் துரோகம். செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகளில் இருந்தவர்களும், பின்னாலிருந்த பீரங்கிப் படையும், வயல் நிறையத் தேங்கிய தண்ணீரும் சேர்ந்துதான் அது முடிந்தது. பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது என்பது நம் தரப்புக் கணக்கு. பிடிபட்டவற்றை பிக்கிவிண்ட் பக்கம் வரிசையாக நிறுத்தினார்கள். 'பாட்டன் நகர்' என்று அந்த இடத்துக்குப் பேர் வந்துவிட்டது. ஒன்று மறக்கக் கூடாது. இதே 106 எல்லைக்கு அந்தப் பக்கமும் இருந்தது, நம் பையன்கள் இருந்த டாங்கிகளையும் அடித்தது. பாட்டன் செய்ததும் அமெரிக்காதான், பாட்டனைக் கொன்ற பீரங்கியை வடிவமைத்ததும் அமெரிக்காதான். வியாபாரி எப்போதும் வியாபாரிதான்.

1966 குடியரசு தினத்தன்று டெல்லியில் ஹமீதின் மனைவி ரசூலன் பீவி விருதை வாங்கிக்கொண்டார். கொடுத்தவர் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன், நம் திருத்தணிப் பக்கத்துக்காரர். 2000-ம் ஆண்டில் தபால் துறை 3 ரூபாய் தலை ஒன்று வெளியிட்டது. அதில் ஹமீதும் இருக்கிறார், ஜீப்பும் இருக்கிறது. கணவர் இல்லாமல் 53 வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 2019 ஆகஸ்டில்தான் ரசூலன் பீவி காலமானார்.

பீரங்கியின் கதையை முடித்துவிடுகிறேன். 1971-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா காவல் முகாமை இரவில் டாங்கிகள் சூழ்ந்தபோது, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் ஆட்களிடம் ஜீப்பில் ஏற்றிய ஒரே ஒரு 106 இருந்தது. விடிந்து ஹண்டர் விமானங்கள் வரும்வரை முகாம் தாக்குப்பிடித்தது. அதன் பிறகு கம்பி வழியாக வழிகாட்டும் ஏவுகணைகள் வந்தன. ஒரு கிலோமீட்டர் கிட்டே போக வேண்டிய அவசியம் குறைந்தது. 106 மெல்ல ஓய்வு பெற்றது. ஆனால் அதன் தம்பி இன்னும் வேலையில் இருக்கிறது. ஸ்வீடனின் 84 மில்லிமீட்டர் கார்ல் குஸ்தாஃப், அதே பின்னால் வாயு விடும் தத்துவம், தோளில் வைத்துச் சுடுவது. நம் படையில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு காலத்தில் 14 கிலோ, புதியது 7 கிலோவுக்கும் கீழே. அதைச் செய்ய ஹரியாணாவின் ஜஜ்ஜரில் தொழிற்சாலை கட்டும் வேலை 2024-ல் தொடங்கியது.

"பின்னால புழுதி வருமா தாத்தா அதுக்கும்?"

"என்னல?"

அண்ணாச்சிக்கு வலது காது சரியாகக் கேட்காது. இடப்பக்கம் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டான்.

"வரும். எதுக்கும் வரும்."

பையன் போனை எடுத்தான். அவன் டாங்கி ஒரு சுவர் மறைவிலிருந்து சுட்டது. எதிரி டாங்கி ஒன்று வெடித்தது. அவன் அங்கேயே நின்று இரண்டாவதற்குக் குறி பார்த்தான்.

"ஏல, ஏல, இடத்த மாத்துல!" என்றார் அண்ணாச்சி.